வேலையை விடும் முன் ருடால்ஃப் டீசலைப் பற்றிக் கொஞ்சம்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 36 வயது. இயந்திரவியல் படித்துவிட்டு, கோவையில் பம்பு மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் 12 ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குள் மணல் புகுந்து சுழலும் தண்டான ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்வதைத் தடுக்க, வழக்கமான மணல் தடுப்பானான சேண்ட் கார்டுக்குப் பதிலாக வேறோர் அமைப்பை வீட்டுக் கொட்டகையில் செய்தேன். முதல் இரண்டு மாதிரிகள் சரிவரவில்லை. மூன்றாவதை இந்த ஆண்டு பொங்கலுக்கு மறுவாரம் என் மாமாவின் தோட்டத்திலும், சித்திரையில் இன்னொரு விவசாயியின் போர்வெல்லிலும் பொருத்தினேன். ஆவணி முடியப்போகிறது, இரண்டும் நன்றாக ஓடுகின்றன. இரண்டாமவர் பொருள் செலவுக்காக 6,000 ரூபாய் கொடுத்தார். மோட்டார் ஓடும் வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பணிக்காலத்தில் செய்யும் கண்டுபிடிப்புகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்றும், விலகிய பின் இரண்டு ஆண்டுகள் இதே தொழில் செய்யக் கூடாது என்றும் என் நியமனக் கடிதத்தில் உள்ளது. உறவினர் ஒருவர் 25 லட்சம் தருவதாகவும், காப்புரிமையில் பாதி அவர் பெயரில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா? வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

வேலையை இப்போது விட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்டுபிடிப்பின் மீது எனக்கு நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காப்புரிமை முகவராகவும், அதற்கு முன் சில காலம் வடிவமைப்புப் பொறியாளராகவும் இருந்தவன் என்ற முறையில், அதில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது என்று மனமாரச் சொல்ல முடியும். ஆனால் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தபோது, பொறியாளராக இருப்பது, கண்டுபிடிப்பாளராக இருப்பது, தொழிலதிபராக இருப்பது ஆகிய மூன்றையும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் மூன்று படிகளாக நீங்கள் எண்ணுகிறீர்கள் என்று தோன்றியது. அவை தனித்தனியான மூன்று வேலைகள். ஒன்றில் தேர்ந்தவர் அடுத்ததில் தடுமாறுவதை என் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன்.

இதை விளக்க, உங்கள் தொழிலோடு தொடர்புள்ள ஒருவரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறேன். மின் இணைப்பு கிடைக்காத காலத்தில் கிணற்று மேட்டில் ஓடிய எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெயின் பெயர் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்த்ததில்லை. ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிசில், ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தார். மியூனிக் பாலிடெக்னிக்கில் அவருக்கு வெப்ப இயக்கவியல் கற்பித்தவர், குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடிகளில் ஒருவரான கார்ல் லிண்டே. அன்றைய நீராவி எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்பதை அந்த வகுப்பில் கேட்ட மாணவருக்கு, மீதி ஒன்பது பங்கு வீணாவது பொறுக்கவில்லை. அந்த எண்ணம் பிறந்ததற்கும் எஞ்சின் ஓடியதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் லிண்டேயின் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே கழித்தார்.

அந்த வேலையில் உங்களுக்கு இருக்கும் அதே தடை அவருக்கும் இருந்தது. நிறுவன ஊழியராக இருந்து பெறும் குளிர்பதனக் காப்புரிமைகளைத் தம் சொந்த நலனுக்குப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. அவர் நிறுவனத்தோடு மோதவுமில்லை, மறைத்துச் செய்யவுமில்லை; தமது ஆராய்ச்சியைக் குளிர்பதனத்துக்கு வெளியே, எஞ்சின் பக்கம் நகர்த்திக்கொண்டார். அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சினுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, அது கைகூடாமல் போன பிறகே, காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் எண்ணத்துக்கு வந்தார். 1892 பிப்ரவரியில் ஜெர்மனியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அது வழங்கப்பட்டது. 1893இல் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையோடும் குருப் எஃகு நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்தார். சோதனைச் செலவை அவை ஏற்றுக்கொண்டன. டீசலுக்கு ஆண்டுக்கு 30,000 மார்க் ஊதியமும் உறுதியாயிற்று. அதன் பிறகே லிண்டே நிறுவனத்தை விட்டு வந்தார். முதலில் காப்புரிமை, பிறகு எழுத்தில் ஒப்பந்தம், கடைசியில் பணி விலகல் என்ற இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும்; உங்கள் கடிதத்தில் அது தலைகீழாக இருக்கிறது.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். டீசல் துறை மாறினார், நீங்கள் மாறவில்லை. பம்பு மோட்டார் செய்யும் நிறுவனத்தில் இருந்துகொண்டு, பம்பு மோட்டாருக்கே ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஊழியர் கண்டுபிடித்தது தானாகவே முதலாளிக்குச் சேரும் என்று நமது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடமிருந்து உரிமை பெற்றவரோதான் விண்ணப்பிக்கலாம் என்பதே சட்டம். எனவே யாருக்குச் சொந்தம் என்பதைப் பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமே தீர்மானிக்கும். ஒப்பந்தம் மௌனமாக இருந்தாலும்கூட, அந்தப் பொருளைக் கண்டுபிடிப்பதே உங்கள் கடமையாக இருந்தால் நிறுவனம் உரிமை கோர வாய்ப்பு உண்டு. உங்கள் கடமை வடிவமைப்பு இல்லை, தரக் கட்டுப்பாடு. நிறுவனத்தின் பொருளையோ நேரத்தையோ கருவியையோ நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் அது உங்களுக்குச் சாதகம். ஆனால் உங்கள் நியமனக் கடிதம் மௌனமாக இல்லை.

அந்த வாசகத்தைத் தமிழில் சுருக்கி எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில மூலத்தில் ஓர் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். 'பணிக்காலத்தில்' செய்யும் கண்டுபிடிப்பு என்று இருக்கிறதா, 'பணியின் பகுதியாக' செய்யும் கண்டுபிடிப்பு என்று இருக்கிறதா? முன்னது காலத்தைக் குறிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் செய்ததும் அதற்குள் வந்துவிடும் என்று நிறுவனம் வாதிடலாம். பின்னது வேலையைக் குறிக்கிறது; உங்களுக்கு வாதாட இடம் இருக்கிறது. 'நிறுவனத்தின் தொழில் தொடர்பான' என்ற சொற்கள் உண்டா என்பதையும் பாருங்கள். இந்த ஒரு பக்கத்தை ஒப்பந்தச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்துப் பெறுவதற்கு ஒரு வாரமும் ஓரளவு கட்டணமும் ஆகும். நீங்கள் செய்யப்போகும் செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது அதுதான்.

பணியிலிருந்து விலகினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைக்காதீர்கள். மாமாவின் போர்வெல்லில் அது இறங்கிய நாளில் நீங்கள் ஊழியர்; இன்று விலகினாலும் அந்த நாள் மாறாது. இரண்டு ஆண்டுத் தடைக்காக நீங்கள் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை; பணி முடிந்த பிறகும் ஒருவர் தமது தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி நமது நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. நிறுவனத்தின் இரகசியங்களை வெளியிடாமல் காக்கும் கடமை மட்டும் விலகிய பிறகும் தொடரும்.

அடுத்தது காலக்கெடு. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதற வைத்தது இதுதான். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் கண்டுபிடிப்பு பொதுவெளியில் பயன்பட்டிருந்தால் அதன் புதுமை போய்விட்டது என்று பிறர் எதிர்க்கலாம். ஆயினும் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள், நியாயமான சோதனைக்காக மட்டுமே பொருளை இயக்கியிருந்து, அதன் தன்மையால் அந்தச் சோதனையைப் பொதுவெளியில்தான் செய்ய வேண்டியிருந்தது என்றால், அதை வைத்துக் காப்புரிமையை வீழ்த்த முடியாது. மணல் தடுப்பானை உண்மையான போர்வெல்லில் இறக்காமல் சோதிக்க முடியாது என்பதால் இது உங்களுக்குப் பொருந்தும் என்றே கருதுகிறேன். முதல் சோதனை பொங்கலுக்கு மறுவாரம் தொடங்கியது என்றால், வரும் பொங்கலோடு அந்தப் பாதுகாப்பு முடிகிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அதற்குள் இன்னொருவர் இதே கருத்துக்கு விண்ணப்பித்துவிட்டால் முந்தியவருக்கே முன்னுரிமை. மேலும், பிற நாடுகளில், குறிப்பாக ஐரோப்பாவில், இந்தச் சலுகையை நம்ப முடியாது.

இரண்டாவது விவசாயி கொடுத்த 6,000 ரூபாய் இதைச் சற்றுக் குழப்புகிறது. அது விற்பனை விலையா, பொருள் செலவா என்பதை நிறுவ, பித்தளை, ரப்பர், லேத் கூலி ஆகியவற்றுக்கான பில்களை எடுத்து வையுங்கள். சோதனைக்காகவே பொருத்தப்பட்டது என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இருப்பது நல்லது. கடந்த தேதியைப் போட்டு எழுதாதீர்கள். இன்றைய தேதியிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வாட்ஸ்அப் வீடியோவைப் பொறுத்தவரை, மோட்டார் ஓடுவதும் தண்ணீர் கொட்டுவதும் மட்டும் தெரிந்தால் அச்சம் வேண்டாம். பொருளைப் பிரித்துக் காட்டியிருந்தால் அதை உங்கள் முகவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீக்கிவிட்டால் நடக்காததுபோல் ஆகிவிடாது.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. 27 வயதில் ஒரு வால்வு அமைப்பைச் செய்து, விண்ணப்பம் போடாமலேயே ஒரு தொழிற்காட்சியில் வைத்தேன். கண்காட்சியில் வைத்தால் சட்டம் காக்கும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். மத்திய அரசு அதற்கென அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நிறுவனம் என் அரங்கில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தது; அடுத்த ஆண்டு அந்த வால்வு அவர்கள் விலைப்பட்டியலில் இருந்தது. அவர்கள் மீது சட்டப்படி எனக்கு எந்த உரிமையும் இல்லை. அதன் பிறகே இந்தச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

ஆகவே வழக்கறிஞரின் கருத்து வந்த வாரமே கண்டுபிடிப்பை முதற்கட்டமாக விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பை 12 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் ஆராய்வதற்கான கோரிக்கைக்குத் தனிநபருக்கு 4,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது; நேரில் போக வேண்டிய தேவை இல்லை. வெளிநாட்டுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் அந்த முடிவையும் இதே 12 மாதங்களுக்குள் எடுக்க வேண்டும். பதிவு செய்த கையோடு, அதே வாரத்தில், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 12 ஆண்டு உழைத்த இடத்தில் இதை மறைத்து வைத்துப் பின்னர் வெளிப்படுவது உங்கள் பெயருக்கும் வழக்குக்கும் கேடு. உரிமை கடைசியில் யாருக்கு என்று தீர்ந்தாலும், பதிவுத் தேதி கைவசம் இருப்பது இரு தரப்புக்கும் நன்மை. இது உங்களுடையதே என்று நிறுவனம் ஒரு கடிதம் தந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அல்லது, அவர்களே தயாரித்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஒரு பங்கு தருகிறோம் என்றும் சொல்லலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விவரக்குறிப்பில் என்ன எழுதுவது என்பதிலும் டீசலிடமிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. அவருடைய 1892 விண்ணப்பம், எரியும்போது வெப்பநிலை உயராமல் நிலையாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டின் மேல் நின்றது. தொடக்கத்தில் அவர் மனத்தில் இருந்த அழுத்தம் 250 வளிமண்டலம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 250 மடங்கு. கணக்கை மீண்டும் போட்டபோதும், எஞ்சினைக் கட்டியபோதும், அது நடக்காது என்பது புலப்பட்டது. அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தார். எரிதல் முறையையும் மாற்றினார். மாற்றத்தைக் காக்க 1893 இறுதியில் இரண்டாவது விண்ணப்பம் போட்டார். ஆயினும், ஓடும் எஞ்சின் காப்புரிமையில் சொன்ன எஞ்சின் இல்லை என்ற குற்றச்சாட்டு அவரை இறுதிவரை விடவில்லை. நீங்கள் அனுப்பிய வரைபடம் முதல் மாதிரியினுடையது என்று நினைக்கிறேன். போர்வெல்லுக்குள் ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது. விவரக்குறிப்பு மூன்றாவதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் ஏன் தோற்றன என்பதையும் சொல்வது உதவும். ஏனென்றால், தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் அமைப்பில் ரப்பர் வளையமும், சுழலும் தட்டும், நீர் வெளியேறும் துளையும் தனித்தனியே புதியவை அல்ல. தட்டின் சுழற்சி மணலை விலக்கும் அதே கணத்தில் வளையத்தின் மீதான அழுத்தமும் குறைகிறது என்கிறீர்களே, அந்தக் கூட்டுச் செயல்தான் உங்கள் கண்டுபிடிப்பு. அதைச் சொற்களில் பிடிப்பதற்கு ஒரு நல்ல முகவரோடு இரண்டு முழு நாட்கள் உட்காருங்கள்.

இனி, தொழில். டீசலின் சோதனை எஞ்சின் முதன்முறை தானாகவே ஓடியது 1894 பிப்ரவரியில், ஏறத்தாழ ஒரு நிமிடம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய அதிகாரபூர்வச் சோதனையில் 20 குதிரைத்திறன் எஞ்சின் 26.2 விழுக்காடு செயல்திறன் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின் எதுவும் அதை நெருங்கவில்லை. உலகமே உரிமம் கேட்டு வந்தது. அமெரிக்க மதுபானத் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ், தம் நாட்டுக்கான உரிமைக்கு மட்டும் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். 1898இல் டீசல் தம் உரிமைகள் அனைத்தையும் ஒரு புதிய நிறுவனத்துக்கு 35 லட்சம் மார்க்குக்கு மாற்றிக்கொடுத்தார். நாற்பது வயதில் அவர் பெரும் செல்வர்.

ஆனால் பேராசிரியரின் சோதனையில் ஓடிய எஞ்சினும், வாங்கியவரின் ஆலையில் ஓட வேண்டிய எஞ்சினும் ஒன்றல்ல. சோதனைக் கூடத்தில் அதைச் சுற்றி அதை உருவாக்கியவர்களே நின்றார்கள். 1898இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் முதல் வணிக எஞ்சின் நிறுவப்பட்டபோது, அதை அன்றாடம் ஓட்டும் பொறுப்பு ஆலையினுடையது. கோளாறுகள் தொடர்ந்தன. உரிமம் வாங்கிய பிற நிறுவனங்களிலும் புகார்கள் குவிந்தன. ஆக்ஸ்பர்க்கில் டீசலின் பெயரிலேயே தொடங்கிய தனித் தொழிற்சாலை நிலைக்கவில்லை. வழக்குகளும் ஓயாத உழைப்பும் சேர்ந்து 1898இலேயே அவர் உடலும் மனமும் தளர்ந்து சிகிச்சையில் இருக்க நேர்ந்தது. அந்த எஞ்சினை நம்பகமான பொருளாக்கிய பெருமை, கோளாறுகளை ஒவ்வொன்றாகக் களைந்து பல ஆண்டுகள் உழைத்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் பொறியாளர்களுக்கு உரியது. அவர்களில் பலர் பெயரை யாரும் அறியார்.

காலமும் அவருக்கு எதிராக இருந்தது. ஜெர்மன் காப்புரிமையின் ஆயுள் அன்று 15 ஆண்டுகள். 1907இல் முதன்மைக் காப்புரிமை முடிந்தது. டீசல் எஞ்சின் பூட்டிய பெருங்கப்பலான செலாண்டியா கடலுக்குப் போனது 1912இல். லாரிகளில் டீசல் வந்தது 1920களில். மெர்சிடிஸ் நிறுவனத்தின் டீசல் கார் 1936இல். பெரும் சந்தை திறந்தபோது உரிமை அவர் கையில் இல்லை. ஈட்டிய செல்வமும் நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்டதில் கரைந்துபோயிருந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமல்போனார். அப்போது வயது 55. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை. குடும்பம் கடனில் இருந்தது மட்டும் பிறகு தெரியவந்தது. உங்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டையே இயக்கிய எஞ்சினைத் தந்த மனிதருக்கு, தொழில் நடத்துவது என்ற மூன்றாவது வேலையில் துணைக்கு ஒருவர் இல்லாமல்போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அவருடைய ஆசிரியர் லிண்டேயை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அவரும் பொறியாளர், பேராசிரியர், கண்டுபிடிப்பாளர். ஆனால் அவர் நிறுவனம் தொடங்கும் முன்பே வாடிக்கையாளர்கள் அவர் அருகில் இருந்தார்கள். கோடையில் பீரைக் குளிரவைக்க வழியின்றி, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை நம்பியிருந்த மதுவடிப்பாலைக்காரர்கள் அவர்கள். முதல் இயந்திரங்களை மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையிலேயே வைத்துச் சோதித்தார். 1879இல் அவர் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு வீஸ்பாடனில் நிறுவனம் தொடங்கியபோது, பணம் போட்டவர்களில் அந்த ஆலைக்காரர்களும் இருந்தார்கள். இயந்திரங்களைத் தாமே வார்த்துக் கடைய அவர் தொழிற்சாலை கட்டவில்லை. ஆக்ஸ்பர்க் தொழிற்சாலை போன்ற தேர்ந்த இடங்களில் செய்யக் கொடுத்தார். வடிவமைப்பு, நிறுவுதல், பராமரிப்பு ஆகியவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். 1890 வாக்கில், நிர்வாகத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மியூனிக்குக்கும் ஆராய்ச்சிக்கும் திரும்பினார். 1895இல் காற்றைத் திரவமாக்கும் முறையை உருவாக்கியது அதன் பின்புதான். தமக்கு எந்த வேலை வரும், எதைப் பிறரிடம் விட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உங்கள் ஊரில் லிண்டேயின் வழி எளிது. வார்ப்பாலை, பேட்டர்ன் கடை, லேத் பட்டறை, ரப்பர் அச்சு செய்பவர் எல்லாரும் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறார்கள். ஜாப் ஒர்க் கொடுத்தே ஐம்பது, நூறு பொருட்கள் செய்துவிடலாம். முதல் நாளிலேயே ஷெட் வாடகைக்கு எடுத்து இயந்திரம் வாங்குவதற்கு அந்த 25 லட்சம் தேவையில்லை. இப்போது தேவைப்படுவது சோதனை. இரண்டு போர்வெல், எட்டு மாதம் என்பது நல்ல தொடக்கம். அதற்கு மேல் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த இரண்டு கிணறுகளும் ஒரே மண்ணில் இருக்கின்றன. மணல் அதிகம் வரும் ஆற்றுப்படுகைப் பகுதியிலும், உப்பு கூடுதலான கடின நீரிலும், நீர்மட்டம் இறங்கிப்போகும் முழுக் கோடையிலும் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே தோட்டத்தில், அதே ஆழத்தில், உங்கள் அமைப்பு இல்லாத மோட்டார் எவ்வளவு தேய்ந்தது என்ற ஒப்பீடும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரை மேலே எடுத்து ஷாஃப்ட்டின் தேய்மானத்தை அளந்து எழுதுங்கள். தரக் கட்டுப்பாட்டில் 12 ஆண்டு இருந்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் அமைப்பைப் பொருத்திய பம்பு, சப்மெர்சிபிள் பம்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 8034இன் அளவுகளை மீறாமல் இருக்கிறதா என்று கோவை சிட்டார்க் ஆய்வகத்தில் பாருங்கள். எரிந்த மோட்டாருக்குச் சுருள் மாற்றும் ரீவைண்டிங் கடைக்காரர்கள் நால்வரிடமாவது பேசுங்கள். எந்த மோட்டார் எதனால் எரிகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு உற்பத்தியாளருக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பிறகு செய்யுங்கள்.

இதற்கான செலவுக்கு, மாதிரிப் பொருள் செய்வோருக்கு 10 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டம் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே உள்ள பி.எஸ்.ஜி.-ஸ்டெப் தொழில் வளர் மையத்தில் விசாரியுங்கள். பணியில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க முடியுமா, நிறுவனத்தின் தடையின்மைக் கடிதம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினரின் பணத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காப்புரிமையில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள். சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இணை உரிமையாளர்கள் இருவருக்கும் சம பங்கு. அவர் உங்களிடம் கேட்காமலேயே, உங்களுக்குக் கணக்குக் காட்டாமலேயே, அந்தப் பொருளைத் தாமே தயாரித்து விற்கலாம். ஆனால் நீங்கள் யாருக்கேனும் உரிமம் கொடுக்க வேண்டுமென்றால் அவர் சம்மதம் வேண்டும். ஒரு பெரிய பம்பு நிறுவனம் நாளை உங்களைத் தேடி வரும்போது, அவர் 'முடியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள் வருவார்கள். காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள். பிற்காலத்தில் ஒரு நிறுவனம் தொடங்கினால், அதன் பங்குகளில் அவருக்கு உரிய அளவு கொடுங்கள். காப்புரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும். நிறுவனத்துக்கு நீங்கள் எழுத்து மூலம் உரிமம் கொடுங்கள். இதில் இன்னொருவர் பட்டதும் உங்களுக்குப் பயன்படும். பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன், உருண்டைச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியின் காப்புரிமையைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல், தாம் தொடங்கிய நிறுவனத்துக்கே எழுதிக்கொடுத்தார். பங்குதாரர்களோடு கருத்து வேறுபாடு வந்து 1979இல் வெளியேற்றப்பட்டபோது, கண்டுபிடிப்பும் அங்கேயே தங்கிவிட்டது. பிற்பாடு 5,127 மாதிரிகள் செய்து வாக்குவம் கிளீனரை உருவாக்கியபோது அந்தத் தவற்றைத் திரும்பச் செய்யவில்லை.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், பெற்றோர் மருத்துவம் ஆகியவற்றை அவரோடு உட்கார்ந்து எழுதி, சம்பளமே இல்லாமல் 18 மாதங்கள் தாக்குப்பிடிக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள். அந்தத் தொகை தனியே சேர்ந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்க வேண்டும். உறவினரல்லாத இருபது பேராவது விலை கொடுத்து வாங்கி, ஒரு கோடை முழுவதும் ஓட்டியிருக்க வேண்டும். இவை நடந்த பிறகு வேலையை விடுவது பற்றி எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது என் பதில் வேறாக இருக்கக்கூடும். இவற்றுள் ஏதேனும் ஒன்று நடக்காமல்போனால், உரிமம் கொடுத்துவிட்டு, பணியில் இருந்தபடியே அடுத்த கருத்துக்குப் போகலாம். உங்கள் கடிதத்தில் விற்பனையைப் பற்றி இரண்டே வரிகள்தாம் இருந்தன. தேய்ந்த புஷ்ஷைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. இதழில் வெளியிடுவதற்காக அந்தப் பகுதியைச் சுருக்க வேண்டியிருந்தது. உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே எனக்குப் போதிய சான்று.

நீங்கள் இணைத்த வரைபடத்தை உறையிலிருந்து எடுத்தவன் நான் மட்டுமே. ஆசிரியர் குழுவில் யாரும் பார்க்கவில்லை. மேலே உங்கள் அமைப்பைப் பற்றிச் சொன்னதிலும் உறுப்புகளின் பெயர்களையும் செயலையும் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். வரைபடத்தைப் பதிவு அஞ்சலில் உங்கள் வீட்டு முகவரிக்கே திருப்பி அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் நியமனக் கடிதத்தின் அந்த ஒரு வாசகத்தை மட்டும் ஆங்கில மூலத்தில் அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை வரைபடத்தை எனக்கும் அனுப்ப வேண்டாம்.